மதகுக்கு அந்தப் பக்கம் நிற்பவள்

தம்பி,

சனிக்கிழமை நீ வந்ததும் முதலில் இதைப் படி. காபி பிறகு குடித்துக்கொள்ளலாம். நேரில் சொல்லத் தொடங்கினால் நீ குரலை உயர்த்துவாய், நான் அதைவிட உயர்த்துவேன், உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து இரண்டு பேரையும் அடக்குவாள், விஷயம் அப்படியே நின்றுபோகும். நம் வீட்டில் முக்கியமான பேச்சு எதுவும் இதுவரை முழுதாக முடிந்ததில்லை. அதனால் உன் மகள் மீராவின் நோட்டிலிருந்து பத்துத் தாள் கிழித்து, அதற்கு அவளிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வக்கீல் அம்மா அனுப்பிய அபிடவிட் வந்துவிட்டது. இரண்டு பக்கம். ‘மேற்படி சிறுமி ஏம்பலம் கிராமத்தையே தன் வீடாகக் கொண்டு இங்கே முழுமையாக வேரூன்றிவிட்டாள் என்பதை நான் உண்மையாக அறிவேன்’ என்று அதில் போட்டிருக்கிறது. கீழே என் பெயர், என் அப்பா பெயர், வயது, கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோடு நான்கு நாளாகக் காலியாகவே இருக்கிறது. பேனாவுக்குப் பஞ்சமில்லை. ‘உண்மையாக அறிவேன்’ என்கிற இடம் வந்தால் கை நின்றுவிடுகிறது. எனக்கு உண்மையாக என்னதான் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி உண்டு என்பது உனக்குத் தெரியும். போன வாரம் ஒரு கையெழுத்துக்காக வில்லியனூருக்கு அனுப்பினாய். உரக்கடை மாடியில் வக்கீல் அம்மாவின் அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். ‘ஒரே கொயந்தைக்கு ரெண்டு கோர்ட்டு எப்டிம்மா?’ என்று கேட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டு, ‘ஐயா, இத ஒலகம் முழுக்க பெரிய பெரிய ஆளுங்க ஒக்காந்து பேசிக்கினு இருக்காங்க, நீங்க ஒரே கேள்வில கேட்டுட்டீங்க’ என்றது. பிறகு பொறுமையாகச் சொன்னது. நிறைய நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். அப்பாவோ அம்மாவோ மற்றவர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனாலும் சரி, விடுமுறைக்கென்று கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாலும் சரி, முதலில் பிள்ளையை அது வாழ்ந்த ஊருக்கே அனுப்பிவிட வேண்டும், யாரிடம் வளரவேண்டும் என்பதை அந்த ஊர் நீதிபதி பார்த்துக்கொள்வார். நம் நாடு அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் பிரான்சில் மீராவின் அம்மா கௌரி வாங்கிய உத்தரவை எடுத்துக்கொண்டு இங்கே யாரும் நேராகக் கதவைத் தட்ட முடியாது. நம் கோர்ட் அந்த உத்தரவை மரியாதையாகப் படிக்கும், படித்துவிட்டுப் பிள்ளைக்கு எது நல்லது என்று தானே பார்க்கும். ‘எந்தப் பக்கம் தீர்ப்பு வரும்?’ என்றேன். ‘சில கேஸ்ல திருப்பி அனுப்பியிருக்காங்க ஐயா, சில கேஸ்ல இங்கயே இருக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. இப்டித்தான்னு யாரும் ஒங்களுக்கு எழுதிக் குடுக்க முடியாது.’

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, தம்பி. அந்த ஊர்க் காகிதத்தில் நீ பிள்ளையைத் தடுத்து வைத்துக்கொண்டவன். இந்த ஊர் மனுவில் நீ பிள்ளையை வளர்க்கிற தகப்பன். பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்திருந்தாயே, எந்த இடத்தில் நீ வேறு ஆள் ஆனாய்? கடல் மேலேயா, மலை மேலேயா? இதைக் கேட்டதும் அந்தம்மா இன்னொரு சொல்லைக் கற்றுக்கொடுத்தது: வழக்கமான வசிப்பிடம். ‘அது எந்த கார்டுலம்மா போட்டிருக்கும்?’ என்று கேட்டேன். ‘எந்தக் கார்டுலயும் இருக்காது ஐயா. பிள்ளையோட நாள் எங்க ஓடுதோ அதான். எங்க படிக்குது, யாரோட வெளையாடுது, பல்லு யார் பாக்கறாங்க, எந்த பாஷையில சண்ட போடுது, எல்லாம் பாப்பாங்க.’ சில நாட்டு நீதிபதிகள் அப்பா அம்மா எங்கே குடியிருக்க நினைத்தார்கள் என்பதையே பெரிதாக எடுத்துக்கொள்வார்களாம், சிலர் பிள்ளையின் அன்றாடத்தை மட்டும் பார்ப்பார்களாம். பஸ் டிக்கெட்டின் பின்புறம் அதை எழுதிக்கொண்டு வந்தேன். பல் என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், காரணம் பிறகு சொல்கிறேன்.

இப்போது நம் மதகைப் பற்றி. நம் நிலத்தில் முக்கால்வாசி நம் புதுச்சேரிக் கொம்யூனில், கால்வாசி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் ஜில்லாவில். நடுவில் அந்த மதகு. நான் உன்னைவிடச் சின்னவனாக இருந்தபோது அத்தை மகன் கல்யாணத்துக்கு நாலு பாட்டில் பிராந்தி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். வழியில் அவர்கள் போலீஸ் பார்த்துவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட்டமாக ஓட்டி, மதகைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, வண்டியை நிறுத்தி, சாவகாசமாக வேர்வையைத் துடைத்துக்கொண்டேன். போலீஸ்காரர் மதகுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். லத்தியை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இந்தக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீயும் கைகொட்டிச் சிரிப்பாய். மடுகரைப் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. இந்தக் கரையில் தப்பு என்றால் அந்தக் கரைக்கு ஒரு தாண்டு, அங்கே தப்பு என்றால் இங்கே ஒரு தாண்டு. எல்லையில் பிறந்தவன் நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே இதையும் கற்றுக்கொள்கிறான். வக்கீல் அம்மாவிடம் பெருமையாக இதைச் சொன்னேன். ‘ஐயா, தொரத்திக்கினு வர்ற போலீஸ் மதகத் தாண்டி வந்தும் புடிக்கலாம், சட்டத்துல எடம் இருக்கு. அவருக்கு அன்னிக்கி அலுப்பா இருந்திருக்கும்’ என்றது. இத்தனை வருஷமாக நான் சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தது ஒரு மனிதரின் அலுப்பை!

அந்த நம்பிக்கையை வைத்துத்தான் உனக்கு யோசனை சொன்னேன். ஆடி மாதம் லீவுக்கு மீராவை அழைத்துக்கொண்டு வந்தாய். கௌரியும் நீயும் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு உன்னிடம், லீவில் பாதி உன்னிடம் என்று அங்கே எழுதிவைத்திருந்தார்கள். பம்புசெட் தொட்டி மேல் உட்கார்ந்து, ‘என் பொண்ணுக்கு நா விருந்தாளிப்பா’ என்றாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ‘இங்கயே வச்சிக்கோடா. அவ்ளோ தூரத்துலருந்து எவன் வந்து இன்னா பண்ணிடுவான்?’ என்றேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. உலகம் முழுவதையும் நம் மதகு என்று நினைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாய். உண்மையை இப்போது சொல்கிறேன். என் யோசனையைக் கேட்ட பிறகும் உனக்கு மனசு ஒப்பவில்லை. பிரான்சுக்குக் கிளம்புகிற நாளுக்கு முதல் நாள் பெட்டியெல்லாம் கட்டிவிட்டாய். மீராவின் பாஸ்போர்ட் மட்டும் காணோம். நீ அலமாரியைக் கலைத்தாய், உன் அம்மா அரிசி டப்பா வரைக்கும் பார்த்தாள், நானும் உங்களோடு சேர்ந்து கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன். அது நிலத்துப் பத்திரம் வைக்கிற இரும்புப் பெட்டியில் இருந்தது. வைத்தவன் நான். விமானம் போய் இரண்டு வாரம் கழித்து, உன் பழைய புத்தகங்களுக்குள் கிடந்ததாக எடுத்துக்கொடுத்தேன். அதற்குள் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, நீயும் மனசை மாற்றிக்கொண்டுவிட்டாய். ‘பத்திரமா நீயே வச்சிருப்பா’ என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாய். அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, இப்போது அது போக மாட்டேன் என்கிறது. அந்த ஊர்க் காகிதத்தில் தகப்பன் தடுத்து வைத்தான் என்று எழுதியிருக்கிறார்களே, அதில் பாதிக் குற்றம் என்னுடையது. பாதிக்கு மேலும் இருக்கும்.

வக்கீல் அம்மா இன்னொன்றும் சொன்னது. வாய்தா போகப் போக நமக்கு நல்லதாம். ஒரு வருஷம் இரண்டு வருஷம் ஓடிவிட்டால், பிள்ளை இங்கேயே பழகிவிட்டது, இனிப் பிடுங்கி நடுவது அதற்குக் கெடுதல் என்று வாதாடலாம். இந்த வித்தையை நான் ஏற்கெனவே செய்தவன். என் பெரியப்பா மகனோடு வாய்க்கால் ஓரத்துத் துண்டு நிலத்துக்குக் கேஸ் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நிலம் எல்லையில் இருந்ததால் நான் இங்கே ஒரு தடை வாங்கினேன், அவன் அங்கே ஒரு தடை வாங்கினான். எந்தக் கோர்ட் விசாரிப்பது என்று பேசியே ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷமும் அதில் நெல் போட்டவன் நான். கடைசியில் இவர்தான் இவ்வளவு காலம் பயிர் வைக்கிறார் என்று சொல்லி எனக்கே கொடுத்தார்கள். நீங்கள் எல்லாம் பொங்கல் வைத்துக் கொண்டாடினீர்கள். அந்தத் துண்டு அவனுடையது, தம்பி. எனக்கு அது கேஸ் போடும்போதே தெரியும். இன்றைக்கும் கோயிலில் என்னைப் பார்த்தால் அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

மீராவுக்கும் மதகுக் கதையைச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டரில் வரும்போது அங்கே நிறுத்தச் சொல்வாள். ஒரு கால் புதுச்சேரியில், ஒரு கால் தமிழ்நாட்டில் வைத்துக்கொண்டு நிற்பது அவளுக்கு விளையாட்டு. போலீஸ்காரர் லத்தியை ஆட்டிய இடத்தில் நானும் கையை ஆட்டிக் காட்டினேன். நீ சின்ன வயதில் சிரித்த மாதிரி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘தாத்தா, அந்தப் போலீசு அப்றம் வரவே இல்லியா?’ என்றாள். ‘வர்ல’ என்றேன். ‘அம்மாவும் அது மாதிரி அந்தப் பக்கம் நிக்கிறாங்களா?’ என்று கேட்டாள். வக்கீல் அம்மாவை ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டவன் ஆறரை வயதுப் பிள்ளையின் ஒரு கேள்வியைக் கேட்டதும் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன். அன்றிலிருந்து அந்தக் கதையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இனிப் பல். கார்த்திகை மாதம் அவளுக்கு முதல் பல் விழுந்தது. நீ சென்னையில் இருந்தாய், உன் அம்மா போனில் சொன்னாள். நம் வழக்கப்படி சாணியில் பொதிந்து கூரை மேல் எறியலாம் என்று உன் அம்மா கையில் சாணியோடு வந்து நின்றாள். பிள்ளை பல்லைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு விடவே இல்லை. அந்த ஊரில் விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் ஒரு சின்ன எலி வந்து எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போகுமாம். ‘இங்கயே வையி, இங்கயும் ஏகப்பட்ட எலி கீது’ என்று உன் அம்மா சொன்னாள். அதற்கு மீரா, ‘இது வேற எலி ஆயா. என் எலிக்கு எங்க வூடுதான் தெரியும். இந்த அட்ரஸு தெரியாது’ என்றாள். எங்கள் வீடு! தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பல்லைப் பத்திரப்படுத்தி, பள்ளிக்கூடப் பையின் உள்பையில் வைத்திருக்கிறாள். பென்சில் தொலைக்கிற பிள்ளை இத்தனை மாதமாகத் தீப்பெட்டியைத் தொலைக்கவில்லை. பிள்ளையின் வீடு எது என்று உலகத்தில் எத்தனையோ பேர் உட்கார்ந்து பேசுகிறார்களாம். இங்கே அவளே சொல்லிவிட்டாள், எனக்குத்தான் காது கேட்கவில்லை.

நேற்று நடந்ததால்தான் இந்தக் கடிதமே. கீழ்வரிசையில் இன்னொரு பல் ஆடுகிறது. காலையில் நாக்கால் தள்ளிக் காட்டினாள். காட்டிவிட்டு, ‘தாத்தா, இது வுழுந்தா கூர மேல போட்ருலாமா? எலி என்ன மறந்திருக்கும் இல்ல?’ என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டாள். அபிடவிட்டில் இருக்கிற வேரூன்றுவது என்பது இதுதான் போல. இன்னும் ஒரு வருஷம் போனால் நான் பொய் சொல்லாமலே கையெழுத்துப் போடலாம். ஆனால் அந்த உண்மை என் பயிர். அடுத்தவன் துண்டில் ஒன்பது வருஷம் நெல் போட்டு உண்மையாக்கினேனே, அதே மாதிரி. உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீராவின் ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள்.

மத்தியானம் கௌரிக்கு நானே போன் செய்தேன். உன்னைக் கேட்கவில்லை, கோபப்பட்டால் பட்டுக்கொள். எடுத்ததும் அவள், ‘மாமா, மீராவுக்கு இன்னா?’ என்று பதறினாள். ஒன்றுமில்லை என்று சொல்லிப் புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, ‘நா அவர் கையிலருந்து புடுங்கிக்கணும்னு நெனக்கல மாமா. அவரே இட்டுக்கினு வரட்டும். புகார வாபஸ் வாங்கறேன்னு என் வக்கீல் எழுதிக் குடுத்து ரெண்டு வாரம் ஆவுது, ஒங்க வக்கீல் கையிலதான் கீது’ என்றாள். நீ அதை எனக்குச் சொல்லவே இல்லை. சரி, பாஸ்போர்ட்டை ஒளித்தவன் உன்னைக் கேட்கமுடியாது. ‘நீ எங்கம்மா கீற இப்ப?’ என்று கேட்டேன். ‘அவ ரூம்லதான் மாமா’ என்றாள். போனை யார் முதலில் வைத்தோம் என்று நினைவில்லை.

வக்கீல் அம்மாவையும் விசாரித்தேன். இரண்டு பக்கமும் சம்மதம் என்றால், அந்தக் கோர்ட்டிலும் இந்தக் கோர்ட்டிலும் ஒரே மாதிரி எழுதி வாங்கிக்கொண்டு, உன் மேல் இருக்கிற புகாரையும் முடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு நீ விமானம் ஏறினால் போதுமாம். பெரிய லீவில் மீரா உன்னோடு இங்கே வரலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாமாம். அவசரமாக ஓடி அங்கே மாட்டிக்கொள்ளாதே, கையில் காகிதம் வராமல் கிளம்பாதே. இன்னொன்றும் யோசித்துப் பார். சனி ஞாயிறு மட்டும் பிள்ளையைக் கொடுத்தார்கள் என்றுதானே அவளை இங்கே வைத்துக்கொண்டாய்? சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு இங்கேயும் நீ சனி ஞாயிறுதான் அவளைப் பார்க்கிறாய். மீதி ஐந்து நாள் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, நாங்கள் இரண்டு கிழங்கள். அந்த ஊரிலேயே வேலை தேடு. அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையாவது பார். பெரிய சட்டம் எதுவும் எனக்குத் தெரியாது. பிள்ளை இருக்கிற கரைக்குத் தகப்பன் போகவேண்டும் என்று மட்டும் இந்த வயதில் புரிகிறது.

அவள் போனால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைக்காதே. மோசமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு ஸ்கூட்டர் சாவியைத் தேடுவேன், பிறகு ஞாபகம் வந்து வைத்துவிடுவேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியப்பா மகன் வீட்டுக்கும் ஒருநாள் போகவேண்டும், எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

இந்த உறைக்குள் மீராவின் பாஸ்போர்ட் இருக்கிறது. கையெழுத்துப் போடாத அபிடவிட்டும் இருக்கிறது. பல் எவ்வளவு நாள் தாங்கும் என்று திருவாண்டார்கோயில் பல் டாக்டரிடம் காட்டிக் கேட்டேன். பிடுங்காமல் விட்டால் ஒன்றிரண்டு மாதம் தாங்கும் என்றார். மீராவிடம் கரும்பு கடிக்கக் கூடாது, நாக்கால் தள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீ காகித வேலையைப் பார். அந்தப் பல் அவள் அம்மா வீட்டில் விழட்டும்.

அப்பா